தண்ணீர், பனிக்கட்டி, நீராவி போதவில்லை: பிள்ளைகளுக்குத் திரித்துவத்தை எப்படிச் சொல்வது?

வகுப்பு அக்கா:

ஞாயிறு பள்ளியில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரப் பாடம் திரித்துவம். எனக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதையே நானும் செய்தேன். பலகையில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பனிக்கட்டி, கொதிக்கிற பாத்திரத்திலிருந்து கிளம்பும் நீராவி என்று மூன்று படம் வரைந்து, மூன்றும் தண்ணீர்தான், வடிவம்தான் வேறு, கடவுளும் அப்படித்தான் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று இருக்கிறார் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கினான். "அப்படியென்றால் கெத்செமனேயில் இயேசு யாரிடம் ஜெபம் பண்ணினார்? பனிக்கட்டி தண்ணீரிடம் பேசுமா?"

சிலுவைக்கு முந்தின இரவு இயேசு பிதாவை நோக்கி ஜெபித்த தோட்டத்தைத்தான் சொன்னான். குறும்புக்குக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மீதி நேரம் பாட்டுப் பாட வைத்தேன்.

வீட்டுக்கு வந்து மற்ற உதாரணங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரே மனிதர் ஒருவருக்கு அப்பா, ஒருவருக்கு மகன், ஒருவருக்குக் கணவன் என்பார்கள், அதுவும் அதே கேள்வியில் விழுந்துவிடுகிறது. முட்டையில் ஓடு, வெள்ளை, மஞ்சள் என்பார்கள், ஆனால் ஓட்டை மட்டும் எடுத்து வைத்து இது முழு முட்டை என்று யாரும் சொல்ல மாட்டார்களே. ஒன்றோடு ஒன்றைக் கூட்டாமல் பெருக்கிப் பார், ஒன்றுதான் வரும் என்று ஒருவர் சொன்னார். அது கணக்கில் ஒரு வித்தை, கடவுளைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

"இது மனித அறிவுக்கு எட்டாத இரகசியம், விசுவாசி" என்று முடித்துவிடலாம்தான். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கேள்வி கேட்ட பிள்ளைக்கு முதல் பதிலே அதுவாக இருந்தால் இனி வாயைத் திறக்காதே என்று சொன்னது போல ஆகிவிடும், அவன் திறக்கவும் மாட்டான். உங்களில் யாராவது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பழைய ஏடு:

சகோதரி, அந்தப் பையனை முதலில் பாராட்டுங்கள். மூன்றாம் நூற்றாண்டில் சபை முட்டி மோதிய கேள்வியை அவன் தானாகவே கண்டுபிடித்திருக்கிறான். கடவுள் ஒரே ஆள், பிதாவாக ஒரு சமயம், குமாரனாக ஒரு சமயம், ஆவியாக ஒரு சமயம் தோன்றுகிறார் என்று போதித்தவர்கள் அன்றே இருந்தார்கள். சபெல்லியுஸ் என்பவரின் பெயரால் அந்தப் போதனையை அழைப்பார்கள். உங்கள் தண்ணீர் உதாரணம் அப்படியே அதுதான். ஒரே நடிகர் மூன்று வேஷம் கட்டுவது மாதிரி. அப்படிப் பார்த்தால் கெத்செமனேயில் "அப்பா பிதாவே" என்று கூப்பிட்டது யாருமில்லாத இடத்தில் பேசிய வசனமாகிவிடும். சபை அதை மறுத்ததற்குக் காரணமே இதுதான்: அந்த ஜெபம் நிஜம், கேட்டவரும் நிஜம்.

தமிழில் இந்த உதாரணத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தண்ணீர் கொதித்தாலும் வருவது ஆவி, பரிசுத்த ஆவியும் ஆவி. பிள்ளைகள் மனதில் ஆவியானவர் புகை மாதிரி ஏதோ ஒன்றாகப் பதிந்துவிடுவார். அப்போஸ்தலர் 13:2ஐ அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். பர்னபாவையும் சவுலையும் "நான் அழைத்த ஊழியத்துக்காக" பிரித்துவிடுங்கள் என்று அங்கே பேசுகிறவர் ஆவியானவர். "நான்" என்று சொல்கிறவரைப் புகை என்று எப்படிச் சொல்வது?

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். உதாரணத்தில் தொடங்காதீர்கள், சம்பவத்தில் தொடங்குங்கள். மத்தேயு 3ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி, யோர்தான் நதி. குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவி புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து பிதாவின் குரல் கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள், ஒருவர் இன்னொருவராக மாறவில்லை. அதைப் படித்த பிறகு உபாகமம் 6:4ஐப் படியுங்கள், கர்த்தர் ஒருவரே. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எதையும் கீழே போட மாட்டேன் என்று நின்றவர்களின் மொழிதான் திரித்துவம். யாரோ அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது இல்லை.

அப்புறம் ஒரு விஷயம், இது எனக்கு மிகவும் பிடித்தது. யோவான் 10:30இல் "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்று இருக்கிறது. கவனியுங்கள், ஒன்று. ஒருவர் என்று இல்லை. ஆனால் வினை "இருக்கிறோம்", பன்மை. கிரேக்க மூலத்திலும் அப்படியே, அந்தச் சொல் அஃறிணை ஒருமை, வினை பன்மை. கார்த்தேஜில் லத்தீனில் எழுதிய தெர்த்துல்லியன், 213 வாக்கில், பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்று போதித்த பிராக்சியாஸ் என்பவரை மறுத்து எழுதியபோது இதே இலக்கணத்தைத்தான் எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும், தமிழ்ப் பிள்ளைக்கு உயர்திணை அஃறிணை தெரிந்தால் போதும், கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது.

அதிலிருந்து அவர்களுக்குப் புரிகிற மாதிரி இரண்டு கேள்விக்கு வரலாம். ஒரு பிள்ளையைக் காட்டி "இது என்ன?" என்றால் மனிதப் பிறவி என்போம், "இது யார்?" என்றால் பெயரைச் சொல்வோம். என்ன என்பது வேறு கேள்வி, யார் என்பது வேறு கேள்வி. கடவுளைப் பற்றி என்ன என்று கேட்டால் பதில் ஒன்று, யார் என்று கேட்டால் பதில் மூன்று. ஒரே கேள்விக்கு ஒன்று என்றும் மூன்று என்றும் சொன்னால்தான் முரண்பாடு. இரகசியம் இதோடு தீர்ந்துவிடாது, ஆனால் குழப்பமும் இரகசியமும் ஒன்றில்லை என்பதாவது பையனுக்குத் தெரியும்.

உதாரணமே கூடாதா என்றால், பழைய ஆசிரியர்களும் சூரியன், அதன் ஒளி என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும்: சூரியன் இருந்து ஒளி இல்லாத நேரம் கிடையாது, அதுபோல் குமாரன் இல்லாமல் பிதா இருந்த நேரம் கிடையாது. அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

தேடல்:

நான் கிறிஸ்தவன் இல்லை, சண்டைக்கும் வரவில்லை. கடவுள் ஒருவர் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு, அதனால்தான் இது எனக்கு முக்கியம். திரித்துவம் என்ற வார்த்தையே பைபிளில் இல்லை. 325இல் நிசேயாவில் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டி வைத்து முடிவு செய்தது என்றுதான் பல இடங்களில் படித்திருக்கிறேன். இயேசுவே "என் பிதா என்னிலும் பெரியவர்" என்று யோவான் 14:28இல் சொல்கிறார். கடைசி நாள் எப்போது என்று குமாரனுக்குத் தெரியாது என்று மாற்கு 13:32 சொல்கிறது. தெரியாதவர் கடவுளாக எப்படி இருப்பார்? மூவரும் ஒன்று என்று நேரடியாகச் சொல்கிற ஒரே வசனம் 1 யோவான் 5:7, அதுவும் பின்னால் சேர்த்தது என்று கிறிஸ்தவ அறிஞர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்தப் பையன் அடுத்து இவற்றையும் கேட்பான். அப்போது என்ன சொல்வீர்கள்?

பழைய ஏடு:

நல்ல கேள்விகள் நண்பரே, ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் நீளும்.

கடைசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நீங்கள் சொல்வது சரி. "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்ற அந்த வரி பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் இல்லை. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, எதிர்ப்பு வந்த பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். அந்த வழியில் வந்ததால் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது, புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இல்லை. அக்கா, தயவுசெய்து அந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டாதீர்கள். பின்னால் ஒருநாள் பிள்ளைக்கு உண்மை தெரியும்போது நாம் சொன்ன மற்றதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும். நான்காம் நூற்றாண்டில் நிசேயாவுக்காக வாதாடிய கிரேக்க ஆசிரியர்கள் இந்த வரியைக் கையில் எடுக்கவே இல்லை. அது இல்லாமல்தான் அவர்கள் இந்த விசுவாசத்தை எழுதி வைத்தார்கள்.

வார்த்தை பைபிளில் இல்லை, உண்மைதான். கிரேக்கத்தில் அந்தியோகியாவின் தியோபிலஸ் 180 வாக்கில் மூன்று என்ற பொருளில் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார், லத்தீன் சொல்லை நிலைநாட்டியவர் தெர்த்துல்லியன். இருவரும் நிசேயாவுக்கு நூறு வருடத்துக்கும் மேல் முந்தியவர்கள். அதற்கும் முன்னால் போங்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் ஐம்பதுகளின் நடுவில் எழுதியது, சிலுவைச் சாவுக்கு ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து வருடம்தான் கடந்திருந்தது. அதில் 8:6ஐப் பாருங்கள்: பிதாவாகிய ஒரே தேவன், இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர். உபாகமம் 6:4இல் தேவன், கர்த்தர், ஒருவர் என்று மூன்று சொல்லும் ஒருவரைத்தான் குறிக்கும், ஒவ்வொரு யூதனும் தினமும் சொல்கிற அறிக்கை அது. அதே அறிக்கையை எடுத்து தேவன் என்பதைப் பிதாவுக்கும் கர்த்தர் என்பதை இயேசுவுக்கும் பவுல் வைக்கிறார். "ஒரே" என்பதை விடவும் இல்லை. யூதனாகப் பிறந்து வளர்ந்த ஒருவர் இதை எழுதுகிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி பேரரசர் ட்ராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வத்தைப் போலப் பாடுகிறார்கள் என்கிறார். அவர் கிறிஸ்தவர் இல்லை, விசாரணை நடத்திய அதிகாரி.

சரி, நிசேயா. கூட்டியது கான்ஸ்டன்டைன்தான். விவாதம் என்னவென்றால், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ் என்ற குரு, குமாரன் எல்லாப் படைப்பிலும் உயர்ந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு என்றார். மன்றம் அதை மறுத்து, பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று எழுதியது. பேரரசரின் விருப்பப்படி நடந்தது என்றால் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே கான்ஸ்டன்டைன் 335இல் நிசேயாவின் பக்கம் நின்ற அத்தனாசியுஸை நாடு கடத்தினார், 337இல் சாகும் தறுவாயில் ஆரியுஸின் நண்பரான ஆயர் ஒருவரிடம் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய மகன் கான்ஸ்டான்டியஸ் ஆரியுஸ் பக்கத்தவரையே ஆதரித்தார். அத்தனாசியுஸ் மொத்தம் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் மன்றம் நிசேயாவின் விசுவாசத்தை உறுதி செய்யும் வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு அரண்மனைக் காற்று பெரும்பாலும் எதிர்ப்பக்கமாகத்தான் வீசியது. அரசர் திணித்தார் என்ற கதைக்கு வரலாறு ஒத்துழைக்கவில்லை.

யோவான் 14:28, மாற்கு 13:32 இரண்டையும் சபை மறைத்து வைக்கவில்லை, வாசகத்தில் இன்றும் வாசிக்கிறோம். பிலிப்பியர் 2இல் தேவனுடைய ரூபமாயிருந்தவர் "தம்மைத்தாமே வெறுமையாக்கி" அடிமையின் ரூபம் எடுத்தார் என்று இருக்கிறது. உண்மையாகவே மனிதனானவருக்குப் பசி உண்டு, களைப்பு உண்டு, தெரியாத விஷயமும் உண்டு என்று ஒரு சாரார் விளக்குவார்கள். பிதா பெரியவர் என்பதைக் குமாரன் பிதாவிடமிருந்து வருகிறார், பிதா யாரிடமிருந்தும் வரவில்லை என்ற முறையில் விளக்கியவர்களும் உண்டு. இந்த விளக்கங்களை நீங்கள் ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வசனங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போனோம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காமல் விட்டது, ஆனால் எல்லாவற்றிலும் கடினமானது. மூன்று மனிதர்களுக்கும் மனிதத் தன்மை ஒன்றுதான், ஆனாலும் அவர்களை மூன்று மனிதர் என்கிறோமே, அப்படியானால் மூன்று கடவுள் என்று ஏன் சொல்லக்கூடாது? நான்காம் நூற்றாண்டு ஆயரான நீசாவின் கிரகோரியிடம் அப்லாபியுஸ் என்பவர் இதையே கேட்டார், கிரகோரி எழுதிய பதில் நம்மிடம் இருக்கிறது. மூன்று பேர் ஒரே தொழில் செய்தாலும் அவரவர் வேலை தனித்தனி. கடவுளிடம் அப்படிப் பிரிந்த வேலை கிடையாது, எந்தச் செயலும் பிதாவிடமிருந்து தொடங்கி, குமாரன் வழியாக வந்து, ஆவியில் நிறைவேறும் ஒரே செயல் என்கிறார்.

மாலை மணி:

நான் கத்தோலிக்கப் பின்னணி, எங்கள் வழக்கில் மூவொரு இறைவன் என்போம். மறைக்கல்வி வகுப்பில் பல வருடம் இருந்திருக்கிறேன். மேலே ஐயா சொன்ன வரலாறு எல்லாம் சரி, ஆனால் பன்னிரண்டு வயதுக்கு முதலில் அது வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைக் காட்டுங்கள். பிள்ளைகள் தினமும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே என்று நெற்றியிலிருந்து கையைக் கொண்டு போகிறார்கள். "பெயர்களாலே" என்று ஏன் சொல்வதில்லை என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை, அப்புறம் ஒரு சிறுமி மெல்ல, "மூணு பேருக்கும் ஒரே பெயரா?" என்றாள். மத்தேயு 28:19இலும் மூலத்தில் ஒருமைதான். அந்த ஒரு கேள்வி என் பல மாத விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்தது.

ஜெபம் பண்ணும்போது என்ன நடக்கிறது என்றும் கேட்கலாம். தந்தையை நோக்கி ஜெபிக்கிறோம், இயேசுவின் வழியாக, அவருடைய பெயரால். என்ன சொல்லி ஜெபிப்பது என்று தெரியாமல் நிற்கும்போது ஆவியார் நமக்குள் இருந்து பரிந்து பேசுகிறார் என்று உரோமையர் 8:26 சொல்கிறது. அப்படியென்றால் முழங்காலில் நிற்கிற பிள்ளைக்கு முன்னாலும் கடவுள், பக்கத்திலும் கடவுள், உள்ளேயும் கடவுள். இதை வரைபடம் போடத் தேவையில்லை, அவர்களே உணர்வார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு நெருக்கமானது. கடவுள் அன்பாயிருக்கிறார் என்று 1 யோவான் 4:8 சொல்கிறது. உலகம் உண்டாவதற்கு முன்னால் அவர் யாரிடம் அன்பாயிருந்தார்? யோவான் 17:24இல் இயேசு தந்தையிடம், உலகம் தோன்றுமுன்னே நீர் என்மேல் அன்பு வைத்தீர் என்கிறார். அன்பு காட்ட ஆள் வேண்டுமே என்று நம்மைப் படைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே நிறைந்து இருந்த அன்புக்குள் நம்மை அழைத்தார். என் தாய் இறந்த வருடம் எனக்குப் பிடிமானமாக இருந்தது இந்த ஒரு வசனம்தான்.

தேடல்:

1 யோவான் 5:7 பற்றி ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. கான்ஸ்டன்டைனே அத்தனாசியுஸை நாடு கடத்தினார் என்பது எனக்குப் புதிது, இனி அந்தப் பழைய வாதத்தை நான் சொல்ல மாட்டேன். என் நம்பிக்கை மாறவில்லை. என்ன, யார் என்று பிரிப்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனாலும் "யார்" மூன்று என்றால் வணக்கத்தில் மனம் மூன்றாகப் போகாதா என்பது எனக்கு இன்னும் நிற்கிறது. ஆனால் நீங்கள் மூன்று கடவுளை வணங்குகிறீர்கள் என்று இனி யாராவது சொன்னால், அவர்கள் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்வேன்.

வகுப்பு அக்கா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று வகுப்பு முடிந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் அந்தப் பையனிடம், போன வாரம் நான் சொன்ன உதாரணம் தவறு, நீ கேட்டது சரி என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். காது வரை சிவந்துவிட்டான். அப்புறம் யோர்தான் பகுதியை வாசித்து, பலகையில் ஆற்றை மட்டும் வரைந்து, யார் எங்கே இருக்கிறார் என்று அவர்களையே வந்து குறிக்கச் சொன்னேன். கரையில் ஒரு புள்ளி, அதன் மேல் ஒரு புறா. குரலை எப்படி வரைவது என்று தெரியாமல் ஒருவன் பலகையின் மேல் ஓரத்தில் "நேச குமாரன்" என்று எழுதிவிட்டு வந்தான். அதற்குக் கீழே உபாகமம் 6:4ஐ நான் எழுதினேன். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டதும் ஒரே சத்தம். ஒன்று, ஒருவர் என்ற வித்தியாசத்தை யோவானிலிருந்து காட்டியபோது அந்தப் பையன்தான் முதலில் பிடித்துக்கொண்டான். "அப்போ ஜெபம் பண்ணினது நிஜமாகவே அவருடைய அப்பாகிட்ட" என்றான்.

ஆனால் வேறொரு பிள்ளை, ஆவி இறங்கி, குரல் கேட்ட பிறகுதான் இயேசு குமாரன் ஆனாரா, அதுக்கு முன்னாடி இல்லையா என்று கேட்டாள். இல்லை, எப்போதுமே குமாரன்தான் என்று சொன்னேன், ஆனால் எடுத்துக் காட்ட வசனம் உடனே நினைவுக்கு வரவில்லை.

பழைய ஏடு:

யோர்தானில் தொடங்கச் சொன்னபோதே இதை நான் எச்சரித்திருக்க வேண்டும், மன்னியுங்கள். அவளுடைய கேள்விக்கும் பழைய வரலாறு உண்டு, ஞானஸ்நானத்தில்தான் இயேசு குமாரனாகத் தத்தெடுக்கப்பட்டார் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். குரல் சொல்வதைக் கவனிக்கச் சொல்லுங்கள்: "இவர் என்னுடைய நேச குமாரன்" என்று இருக்கிறது, இவரைக் குமாரனாக்குகிறேன் என்று இல்லை. அதோடு யோவான் 17:5. உலகம் உண்டாகிறதற்கு முன்னே உம்மிடத்தில் எனக்கு இருந்த மகிமை என்று அவரே பிதாவிடம் பேசுகிறார். மாலை மணி சொன்ன 17:24ம் அதே ஜெபத்தில்தான் வருகிறது, அடுத்த வாரம் அந்த அதிகாரம் முழுவதையும் சத்தமாக ஒருமுறை வாசித்துவிடுங்கள்.